மோர்பாத் கோயிற்கணக்கு

ஒரு நாட்டின் சமய வரலாறு பெரும்பாலும் அரசர்களின் ஆணைகளையும் ஆயர்களின் அறிக்கைகளையும் இறையியல் அறிஞர்களின் வாதங்களையும் கொண்டே எழுதப்பெறுகிறது. ஆணை எங்கே பிறந்தது என்பது அவற்றால் விளங்கும். அது போய்ச் சேர்ந்த ஊரில் என்ன செய்தது என்பது விளங்குவதில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இங்கிலாந்து இதற்குத் தக்க சான்று. எட்டாம் ஹென்றி 1534இல் பாப்பரசரின் தலைமையை மறுத்தார். அவருடைய மகன் ஆறாம் எட்வர்டு 1547 முதல் 1553 வரை ஆண்ட காலத்தில் பழைய வழிபாட்டு முறை நீக்கப்பட்டது. அடுத்து அரியணை ஏறிய மேரி அதனை மீட்டார். 1558இல் அவர் மறைந்தபின் வந்த முதலாம் எலிசபெத் சீர்திருத்த சபையை மீண்டும் நிலைநாட்டினார். கால் நூற்றாண்டுக்குள் ஒரு நாட்டின் சமயம் நான்கு முறை திசை மாறியது. உழவர்கள் வாழ்ந்த ஒரு சிற்றூரின் பங்குக் கோயிலில் இம்மாற்றங்கள் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை ஆண்டு வரிசையில் சொல்லும் ஆவணம் ஒன்று எஞ்சியுள்ளது. அது கோயிலின் வரவுசெலவுக் கணக்கு.

ஊரும் குருவும்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தின் வட எல்லையில், எக்ஸ்மூர் என்னும் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் அமைந்தது மோர்பாத். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே 33 குடும்பங்கள் வாழ்ந்தன. மக்கள்தொகை ஏறத்தாழ 150. மண் வளமற்றது, ஆடு வளர்ப்பே பிழைப்பு. ஊரின் நிலவுரிமை அருகிலிருந்த பார்லின்ச் துறவுமடத்தைச் சார்ந்திருந்தது. ஊர்க்கோயில் புனித ஜார்ஜின் பெயரைத் தாங்கியது.

1520ஆம் ஆண்டு கிறிஸ்டபர் டிரிக்கி என்ற இளங்குரு இக்கோயிலின் பொறுப்பை ஏற்றார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத குருக்களைச் ‘சர்’ என்று அழைப்பது அக்கால வழக்கம். ஊரார்க்கு அவர் சர் கிறிஸ்டபர். 1574இல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள், அவர் அந்த ஊரிலேயே பணிபுரிந்தார். கோயிற்கணக்கைத் தம் கையாலேயே எழுதினார். டெவன் நாட்டுப்புறத்து உச்சரிப்பு அப்படியே எழுத்துக்கூட்டலில் இறங்கியிருக்கும் அக்கணக்கு, எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பதற்காக உண்டானதன்று. ஆண்டுதோறும் ஊரார் கூடியிருக்க உரக்கப் படிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது. யார் என்ன கொடுத்தார், எவர் வீட்டில் எத்தனை கோயில் ஆடுகள் நிற்கின்றன, ஆட்டுமயிர் என்ன விலைக்குப் போனது, யாருடைய கடன் நிலுவையில் உள்ளது என்பவையெல்லாம் அண்டை வீட்டாரின் செவிகேட்க அறிவிக்கப்பட்டன. எனவே அக்கணக்கில் எண்களோடு பேச்சின் தொனியும் கலந்திருக்கிறது.

பங்கு என்பது அக்காலத்தில் வழிபாட்டுக்குரிய எல்லை மட்டுமன்று. தசமபாகம் செலுத்துவதும், திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் பெறுவதும் அந்த எல்லைக்குள் நிகழ்ந்தன. அரசும் தன் தேவைகளுக்கு அந்த அமைப்பையே பயன்படுத்திக்கொண்டது. 1538இல் ஒவ்வொரு பங்கும் பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடு வைக்க வேண்டும் என ஆணை பிறந்தது. 1555இல் சாலை பழுதுபார்க்கும் பொறுப்பும், 1598, 1601ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஏழைகளைப் பேணும் பொறுப்பும் பங்கின்மேல் விழுந்தன. அச்சட்டங்கள் வருமுன்பே மோர்பாத் போன்ற ஊர்கள் தம்மைத் தாமே ஆளப் பழகியிருந்தன. அப்பழக்கம் கோயிலின் விளக்குகளைச் சுற்றியே வளர்ந்தது.

விளக்கு நிதிகள்

மோர்பாத் கோயிலில் புனிதர்களின் சுரூபங்கள் பல இருந்தன. ஒவ்வொரு சுரூபத்தின் முன்னும் மெழுகுதிரி எரிவதற்கென்று ஒரு நிதி இருந்தது. தேவமாதாவுக்கு ஒன்று, புனித அந்தோணியாருக்கு ஒன்று, புனித சிட்வெல்லுக்கு ஒன்று, இறந்தோர் நினைவான விளக்குக்கு ஒன்று என அவை பிரிந்திருந்தன. மணமாகாத இளைஞர்களுக்குத் தனி நிதியும் கன்னிப்பெண்களுக்குத் தனி நிதியும் இருந்தன. ஒவ்வொரு நிதிக்கும் ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். கன்னியர் நிதியைக் கன்னியரே நடத்தினர். கோயிலின் தலைமைப் பொறுப்பு வீடு வீடாகச் சுற்றிவந்தது. வீட்டுத் தலைமை ஒரு பெண்ணிடம் இருந்தால் அப்பொறுப்பும் அவளிடமே போயிற்று.

நிதி என்பது இங்கே பெரும்பாலும் ஆடுதான். கோயிலுக்கெனத் தனி மேய்ச்சல் நிலம் இல்லை. கோயில் ஆடுகள் ஒன்றும் இரண்டுமாகக் குடியானவர்களின் மந்தைகளில் பிரித்துவிடப்பட்டன. ஆட்டை வளர்ப்பவர் அதன் மயிர் விற்ற பணத்தைக் கணக்கில் ஒப்படைக்க வேண்டும். ஆடு இறந்தால் அதுவும் சபையில் சொல்லப்படும். விளக்கு எரியத் தேனீக்கூட்டை விட்டுச்சென்றவரும் உண்டு. ஆகவே மெழுகுதிரி ஒன்று எரிவதற்குப் பின்னால் ஊரின் பல வீடுகளினது உழைப்பு இருந்தது. வறியவர் வீட்டிலும் ஒரு கோயில் ஆடு நிற்கலாம். அந்த ஆட்டின் பொருட்டு அவர் பெயரும் ஆண்டுக்கொருமுறை சபையில் ஒலிக்கும்.

இவற்றோடு ‘ஏல்’ எனப்பட்ட பார்லி மது விருந்தும் ஊருக்குப் பெரும் வருவாய் தந்தது. கோயிலைச் சார்ந்த பொது வீட்டில் மது காய்ச்சி, விருந்து வைத்து, அண்டை ஊராரையும் அழைத்து விற்பார்கள். அண்டை ஊரின் விருந்துக்கு மோர்பாத்தார் சென்று மொய் திருப்புவார்கள். கோயிலின் செலவு ஊரின் களிப்பிலிருந்து பிறந்தது. பின்னாளில் சமயச் சீர்திருத்தக்காரர்கள் வெறுத்தவற்றுள் இதுவும் ஒன்று.

புதிய குரு தம் பங்குக்குக் கொண்டுவந்த கொடை புனித சிட்வெல்லின் வழிபாடு. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் அறுவடைக்காரர்கள் அரிவாளால் தலையை வெட்டிக் கொன்ற கன்னி எனவும், அவள் விழுந்த இடத்தில் ஊற்று பெருகியது எனவும் எக்ஸிட்டர் நகரத்தார் போற்றிய புனிதை அவள். பணிக்கு வந்த தொடக்கத்திலேயே டிரிக்கி அவளுடைய சுரூபம் ஒன்றைத் தம் செலவில் செய்து கோயிலில் நிறுவினார். காலப்போக்கில் ஊரார் அவளைத் தமதாக்கிக்கொண்டனர். பெண்கள் தம் செபமாலைகளையும் மணமோதிரத்தையும் அவளுக்கு எழுதிவைத்தனர். அவ்வெள்ளியை உருக்கி அவள் காலுக்குப் பாதணி செய்தனர். சில வீடுகளில் மகள்களுக்கு அவள் பெயரைச் சூட்டினர். ஓர் ஊரின் பெயர்ப்பட்டியலுக்குள் ஒரு புனிதை நுழைவதைக் கணக்கேடு ஒன்றில் காண்பது அரிது.

களவும் கலகலப்பும் பிணக்கும்

1534ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவொன்றில் கள்வன் ஏணி வைத்துக் கோயிலுக்குள் இறங்கினான். திருப்பலிக் கிண்ணத்தையும் சிட்வெல்லின் வெள்ளிப் பாதணியையும் கொண்டு சென்றான். கிண்ணமின்றிப் பூசை இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வரி விதிப்பதற்குள் இளைஞரும் கன்னியரும் ஒன்றுகூடித் தம்முள் பணம் திரட்டினர். பங்குக்கு ஒரு காசும் செலவின்றிப் புதிய கிண்ணம் வாங்கித் தந்தனர். டிரிக்கி இதைக் கணக்கில் எழுதும்போது அவருடைய மகிழ்ச்சி மறைந்திருக்கவில்லை. நிதி நடத்தப் பழகிய இளையோர்க்கு இடர் வந்த நாளில் என்ன செய்வது என்று ஒருவர் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மோர்பாத்தைப் பிணக்கற்ற ஊராகக் கற்பனை செய்வதும் தவறாகும். மணியடித்தல், குருவுக்கு உதவுதல் முதலியவற்றைச் செய்த கோயில்பிள்ளைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தானியமாகவும் பணமாகவும் கூலி தரவேண்டும். 1530களில் இக்கூலியைப் பற்றி எழுந்த தகராறு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சிலர் கொடுக்க மறுத்தனர். கோயில்பிள்ளையே இல்லாத நிலையும் ஏற்பட்டது. இறுதியில் ஊரார் கூடிப் பேசி இன்னார் இவ்வளவு தரவேண்டும் என்று எழுதி ஒப்புக்கொண்டனர். பெரும்பான்மை என்று சொல்லிச் சிலரைத் தள்ளிவிடுவது அவர்களுடைய முறையாக இல்லை. மறுப்பவரும் அண்டை வீட்டார். நாளை அவர் மந்தையில்தான் கோயில் ஆடு நிற்க வேண்டும். ஆகவே அனைவரும் இசையும்வரை பேசிக்கொண்டே இருந்தனர். இந்த முறையில் பரிவும் உண்டு, நெருக்குதலும் உண்டு. தனித்து நின்றவன் சபையின் பார்வையிலிருந்து தப்ப முடியாது என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது.

கறுப்புத் திருவுடை

இறந்தோர்க்கான பூசையில் குரு அணியும் கறுப்புத் திருவுடை மோர்பாத் கோயிலில் இல்லை. டிரிக்கிக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. கோயில் ஆடுகளின் மயிரிலிருந்து தமக்கு வரவேண்டிய தசமபாகத்தை அவர் தாம் எடுத்துக்கொள்ளாமல் அதற்கென ஒதுக்கி வைத்தார். இறக்கும் தறுவாயில் சிலர் சில காசுகளை அந்த உடைக்காக விட்டுச்சென்றனர். இவ்வாறு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 1547இல் அந்த உடை வாங்கப்பட்டது.

அதே 1547ஆம் ஆண்டின் சனவரியில் எட்டாம் ஹென்றி இறந்தார். ஒன்பது வயதுச் சிறுவன் எட்வர்டின் பெயரால் ஆண்டவர்கள் இறந்தோர்க்கான பூசையையே ஒழித்தனர். இருபது ஆண்டு சேமிப்பு கைக்கு வந்தவுடன் பயனற்றுப் போயிற்று.

ஆணைகள்

மாற்றம் ஹென்றியின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பார்லின்ச் மடம் கலைக்கப்பட்டது. 1538இல் புனிதர்களின் சுரூபங்களுக்கு முன் விளக்கேற்றுவது தடை செய்யப்பட்டது. விளக்கு அணைந்தபின் விளக்கு நிதிக்கு என்ன பொருள்? நிதிகள் ஒன்றிரண்டாகச் சுருங்கின. புனிதர்களுக்கு வந்த கொடைகள் மெல்ல வற்றின. 1547இலும் 1548இலும் வந்த ஆணைகள் எஞ்சியதையும் துடைத்தன. சுரூபங்கள் அகற்றப்பட வேண்டும், ஊர்வலங்கள் கூடாது, விளக்குகள் கூடாது. மோர்பாத்தில் கோயில் ஆடுகள் விற்கப்பட்டன. இளைஞர் நிதியும் கன்னியர் நிதியும் மறைந்தன. ஏல் விருந்து நின்றது. 1548இல் கோயிலின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லூசி சீலி என்ற பெண்மணி. கோயிற் பொருள்கள் விலைபோனது அவருடைய ஆண்டில்தான் எனப் பின்னர் டிரிக்கி குறித்துவைத்தார். சில பொருள்களை ஊரார் தத்தம் வீடுகளுக்குக் கொண்டு சென்றனர்.

கருத்தளவில் இந்த ஆணைகள் சிலைவழிபாட்டையும் மூடநம்பிக்கையையும் களைய எண்ணியவை. தாய்மொழியில் வேதநூல் படிக்கக் கிடைத்ததும், தாய்மொழியில் வழிபாடு அமைந்ததும் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்திற்கும் பெரும் கொடைகள். தாமஸ் கிரான்மர் தொகுத்த பொது வழிபாட்டு நூலின் உரைநடை அம்மொழியின் செவியையே பழக்கியது என்பர். இலண்டனில் இருந்து நோக்கினால் அது விடுதலையாகத் தோன்றும். மோர்பாத்தில் இருந்து நோக்கும்போது வேறொன்று தெரிகிறது. அணைந்தது மெழுகுதிரி, அதனோடு ஆட்டுமயிர்க் கணக்கும், வீடு வீடாகச் சுற்றிய பொறுப்பும், இளையோர் தம்மைத் தாமே நடத்திய சபையும் போயின. ஆணை பிறப்பித்தவர்கள் இவற்றை ஒழிக்க எண்ணினார்களா என்பதுகூட ஐயமே. அவர்கள் கண்ணில் பட்டது சுரூபம். சுரூபத்தைத் தாங்கிநின்ற ஊர் கண்ணில் படவில்லை.

ஐந்து இளைஞர்கள்

1549இல் இலத்தீன் பூசை நீக்கப்பட்டு, சூன் 9ஆம் நாள் பெந்தெகோஸ்தே திருநாளில் ஆங்கில வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவனின் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னி ஊரார் தம் குருவைப் பழைய உடை அணிவித்துப் பழைய பூசையையே செய்வித்தனர். தீப்பொறி பரவியது. கார்ன்வாலிலிருந்து வந்த படையும் டெவன் ஊரார் படையும் சேர்ந்து சூலை 2 முதல் எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டன. அவ்வாண்டு ஆடுகளின்மேல் புதிதாக விதிக்கப்பட்ட வரியும் இடையர் நாட்டின் சினத்தைக் கூட்டியிருந்தது.

மோர்பாத் கணக்கில் அவ்வாண்டுக்குரிய பதிவு ஒன்று உண்டு. ஊரின் இளைஞர் ஐவர் புனித டேவிட் மேட்டிலிருந்த பாசறைக்குப் புறப்பட்டபோது அவர்களுக்கு வழிச்செலவும் படைக்கலமும் ஊர்ப்பணத்திலிருந்து தரப்பட்ட செய்தி அது. மோர்பாத்தின் குருவாக இருந்த எர்ஸ்கின் பின்னி 1904இல் இக்கணக்கை அச்சிட்டார்; எனினும் இப்பதிவின் பொருள் நெடுங்காலம் தெளிவாகவில்லை. கேம்பிரிட்ஜ் வரலாற்றறிஞர் ஈமன் டஃபி கையெழுத்துப்படியை மீண்டும் படித்து, அந்தப் பாசறை எக்ஸிட்டர் மதிலுக்கு வெளியே கிளர்ச்சிக்காரர்கள் அமைத்திருந்த பாசறையே என விளக்கினார். மோர்பாத்தைப் பற்றிய அவருடைய நூல் 2001இல் வெளிவந்தது.

அரசனுக்கு எதிரான எழுச்சிக்குச் செய்த செலவைக் கோயிற்கணக்கில் வெளிப்படையாக எழுதியது ஏன் என்று இன்றைய வாசகர் வியக்கலாம். ஊர்ச்சபையின் ஒப்புதலோடு செய்த செலவு எதுவாயினும் சபையில் படிக்கப்பட வேண்டும் என்பது அவர்களுடைய முறை. திரிக்குச் செலவிட்டதை எழுதிய அதே கை, அதே முறையில், இதனையும் எழுதியது. பழைய அமைப்புகள் பலவற்றை இழந்த ஊர், எஞ்சியிருந்த ஒருமித்த முடிவின் வலிமையை இதற்கே செலவிட்டது.

முற்றுகை ஆகஸ்டு 6இல் முறிந்தது. ஆகஸ்டு 17இல் சாம்ப்ஃபோர்டு கோர்ட்னியிலேயே எழுச்சி முடிவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எக்ஸிட்டரின் புறத்தேயிருந்த புனித தாமஸ் பங்கின் குரு ராபர்ட் வெல்ஷ், பூசை உடையோடு தம் கோயிற்கோபுரத்திலேயே தூக்கிலிடப்பட்டார். மக்களைத் திரட்டிய கோயில் மணிகளை இறக்கும்படி டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் ஆணை வந்தது. மோர்பாத் ஆங்கில வழிபாட்டு நூலை ஏற்று அடங்கியது.

மீண்டவையும் மீளாதவையும்

1553இல் மேரி அரசியானதும் டிரிக்கியின் எழுத்தில் உயிர் திரும்புகிறது. எட்வர்டின் காலத்தில் கோயில் சிதைந்தது எனவும், மேரியின் காலத்தில் மீண்டது எனவும் அவர் ஒளிவின்றி எழுதினார். ஊரார் தம் வீடுகளில் மறைத்து வைத்திருந்த சுரூபங்களையும் அவற்றின் துண்டுகளையும் உடைகளையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து தந்தனர். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்த பொருளைப் பட்டியலிடும் அப்பகுதி, கணக்கேட்டில் நெஞ்சைத் தொடும் பகுதி எனலாம். ஆணையின்படி அழித்திருக்க வேண்டியவற்றை ஓர் ஊரே ஐந்தாண்டுக்கும் மேலாகப் பரணிலும் பெட்டியிலும் காத்திருந்தது.

பொருள்கள் மீண்டன, அவற்றைச் சூழ்ந்திருந்த அமைப்பு முழுமையாக மீளவில்லை. கோயில் ஆடுகளும் பல்வேறு விளக்கு நிதிகளும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பத்தாண்டு இடைவெளியில் ஒரு தலைமுறை இளைஞர் கன்னியர் சபைகளின்றி வளர்ந்துவிட்டது. பூசையை ஓர் ஆணையால் மீட்கலாம். இருபது வயதில் கணக்கு ஒப்படைத்துப் பழகும் வழக்கத்தை அவ்வாறு மீட்க இயலவில்லை.

1558இல் எலிசபெத் வந்தார். பீடம் போய் மேசை வந்தது. இலத்தீன் போய் ஆங்கிலம் வந்தது. டிரிக்கி இம்முறையும் அடங்கினார். மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதே கோயிலில் ஆங்கில வழிபாட்டை நடத்தினார்.

குருவின் நிலை

நான்கு அரசுகளுக்கும் பணிந்த இக்குருவைக் கோழை என்று சொல்வது எளிது. கொள்கைக்காகத் தூக்கேறிய ராபர்ட் வெல்ஷின் பக்கத்தில் நிறுத்தினால் டிரிக்கியின் உருவம் சிறிதாகவே தோன்றும். அவருடைய உள்ளத்தின் சாய்வு எதுவென்பதில் ஐயமில்லை. சிட்வெல்லை நிறுவியவரும், கறுப்பு உடைக்காக இருபது ஆண்டு காத்தவரும், மேரியின் காலத்தைப் போற்றியவரும் அவரே. ஆயினும் அவர் விலகிச் சென்றிருந்தால் அந்த 33 குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் இறந்தோரை அடக்கவும் ஊரை அறியாத ஒருவர் வந்திருப்பார். திருமுழுக்குப் பெறும் குழந்தையின் பாட்டனுக்கும் மணம் செய்து வைத்தவர் என்ற தகுதி புதியவருக்கு வாய்த்திராது. வழிபாட்டின் வடிவம் மாறினும் பங்கு கலையாமல் இருக்க வேண்டும் என்பதே அவர் தேர்ந்த நிலை என்று கணக்கைப் படிப்பவர் கொள்ள இடமுண்டு. அதற்கு அவர் கொடுத்த விலையும் அக்கணக்கிலேயே இருக்கிறது. தாம் நேசித்தவை ஒவ்வொன்றும் விற்கப்பட்டபோது அவற்றின் விலையைத் தம் கையாலேயே வரவு வைத்தார்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மோர்பாத்தில் ஒலித்த குரல்கள் பல. எழுதப்பட்டது ஒரு குரலால். புதிய வழிபாட்டை உள்ளூர விரும்பிய உழவன் ஒருவன் அவ்வூரில் இருந்திருந்தால் அவன் எண்ணம் குருவின் கணக்கில் ஏறியிருக்காது. கன்னியர் நிதியின் கணக்கை ஒப்படைத்த பெண்களின் பெயர்கள் எஞ்சியுள்ளன. அவர்கள் பேசிய பேச்சு எஞ்சவில்லை. எனினும், எழுத்தறியாத அண்டை வீட்டாருக்குக் கேட்கட்டும் என்று எழுதியவர் என்பதால், டிரிக்கியின் நடையில் அவர்களுடைய பேச்சின் நிழலாவது விழுந்திருக்கிறது.

புலவர்களின் ஏடுகளில் இடம்பெறாத ஊர் மோர்பாத். அங்கிருந்து பேரரசர் எவரும் தோன்றவில்லை. பெருங்காவியம் எதுவும் எழவில்லை. ஒரு பங்குக் கோயில் எவ்வாறு ஊரைத் தாங்கியது, எந்தச் சிறு கடமைகளால் தாங்கியது, அவை எடுக்கப்பட்டபோது ஊர் எவற்றை இழந்தது என்பவற்றை ஆட்டுமயிரும் மெழுகும் செம்பும் வெள்ளியுமாக அக்கணக்கு எடுத்துரைக்கிறது. 1574ஆம் ஆண்டு டிரிக்கி தம் பங்கு மக்களிடையே அடக்கம் செய்யப்பட்டார். அவர் நிறுவிய சிட்வெல்லின் சுரூபம் இன்று இல்லை. இளைஞரும் கன்னியரும் பணம் திரட்டிக் கிண்ணம் வாங்கிய ஆண்டின் கணக்கு மட்டும் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது.